64 டெஸ்டில் இல்லாத கேள்வி: மதுரையில் அம்மாவும் நானும் செய்துகொண்ட பெண்கள் இதயப் பரிசோதனை

ஆளுக்கு 3,200 ரூபாய், இரண்டு பேருக்கு 6,400. காலை ஏழு மணிக்கு உள்ளே போனோம், மதியம் இரண்டேகாலுக்கு வெளியே வந்தோம். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. குறை சொல்லவும் இருக்கிறது, கையெடுத்துக் கும்பிடவும் இருக்கிறது. இதே மாதிரி 'பெண்கள் இதயப் பரிசோதனை' என்று ஒரு தொகுப்பை இப்போது எல்லாப் பெரிய ஊரிலும் போடுகிறார்கள், அதனால் நீங்கள் எந்த ஊரில் எங்கே போனாலும் உதவுகிற மாதிரி எழுதுகிறேன்.

ஏன் போனோம் என்றால் பெரியம்மாவால். வத்தலக்குண்டில் இருக்கிறார், வயது 64. மூன்று நாளாக முதுகில், தோள்பட்டைக்கு நடுவில் ஒரு குத்தல், தாடையில் வலி, குமட்டல், சோறு இறங்கவில்லை, நாலு பாத்திரம் கழுவினால் உட்கார வேண்டியிருக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதை வாயு என்று முடிவு கட்டினோம். ஓமத்தண்ணீர், இஞ்சிச் சாறு, பூண்டுப் பால் எல்லாம் ஆயிற்று. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கேஸுக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஒரு இசிஜி எடுக்கவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் சேலை நனைகிற அளவுக்கு வியர்த்துப்போய் திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோதுதான் இசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்து, அட்டாக் வந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்கள். ஸ்டென்ட் வைத்தாயிற்று, உயிர் இருக்கிறது, ஆனால் எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இதயம் பம்ப் பண்ணுவது 38 சதவீதம்தான். நன்றாக இருக்கிற இதயத்துக்கு 55க்கு மேல் இருக்க வேண்டும். அடைத்த ரத்தக்குழாயை முதல் சில மணி நேரத்தில் திறந்திருந்தால் இவ்வளவு தசை செத்திருக்காது. இப்போது மாடிப்படி ஏற முடியாது, கோவில் சுற்று வர முடியாது. பூப்பறிக்கக் கொல்லைக்குப் போனவர் பாதியில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு 61. உடன்பிறந்த அக்காவுக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்தால் அது தங்கைக்கும் ஒரு எச்சரிக்கை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரி, தொகுப்புக்கு வருகிறேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் '64 பரிசோதனைகள்' என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை விரித்து எண்ணிப் பார்த்தேன். சிறுநீரின் நிறம் ஒன்று, தெளிவு ஒன்று, அமிலத்தன்மை ஒன்று, அடர்த்தி ஒன்று என்று ஒரே டப்பாச் சிறுநீரைப் பத்துக்கு மேல் பிரித்திருக்கிறார்கள். ரத்த அணுக்கள் பரிசோதனை என்பது ஒரே குழாய் ரத்தம், ஒரே மெஷின், அது இருபது சொச்சமாக எண்ணப்பட்டிருக்கிறது. இதயத்துக்கென்று இருந்தது இரத்த அழுத்தம், சர்க்கரை, மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் வகைகள், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இசிஜி, எக்கோ, ஓடவிட்டு இசிஜி பார்க்கும் டிரெட்மில், கடைசியில் டாக்டர் சந்திப்பு. அவ்வளவுதான். அது போதும், நிறையவே போதும், ஆனால் 64 என்ற எண்ணைப் பார்த்து 48 போட்டிருக்கிற இடத்தை விட்டுவிட்டு இங்கே வராதீர்கள்.

காலையில் ரத்தம் எடுத்த பெண் நன்றாகச் செய்தார். அம்மாவுக்கு நரம்பு கிடைக்காது, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று குத்து வாங்குவார், இங்கே ஒரே தடவையில் எடுத்துவிட்டார். அப்புறம் ஒரு படிவம் கொடுத்தார்கள். புகைப்பழக்கம் உண்டா, மதுப்பழக்கம் உண்டா, உடற்பயிற்சி உண்டா, குடும்பத்தில் இதய நோய் உண்டா. அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல நான் டிக் போட்டுக்கொண்டே வந்தேன், கடைசிக் கேள்விக்கு மட்டும் உண்டு. அதில் பிரசவம் பற்றியோ மாதவிடாய் பற்றியோ ஒரு வரி கிடையாது. ஆண்களுக்கான படிவத்தையே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உட்கார்ந்திருந்த கூடத்தில் மாரடைப்பு அறிகுறிகள் என்று ஒரு படம் மாட்டியிருந்தது, அதிலும் கோட் போட்ட ஒரு ஆண் இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெண்கள் இதயப் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருக்கிற முப்பது நாற்பது பெண்களும் அந்தப் படத்தைத்தான் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி, அதில் மாற்றம் இல்லை. ஆனால் நெஞ்சு வலியோடு சேர்ந்தோ அது இல்லாமலோ தாடை, கழுத்து, முதுகு, மேல் வயிறு வலிப்பதும், மூச்சு வாங்குவதும், குமட்டுவதும், காரணம் தெரியாத அசதியும் பெண்களுக்கு அதிகம் வருகிறது. என் பெரியம்மாவுக்கு வந்ததில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சுவரில் இது இருக்க வேண்டும். கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இனி இசிஜி. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. துணித் திரை, அதுவும் பாதி, உள்ளே ஆண் டெக்னீஷியன். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "அப்புறம் எடுத்துக்கலாம் பாப்பா, இதெல்லாம் எனக்கு எதுக்கு" என்று திரும்பப் பார்க்கிறார். பெண்களுக்கென்று விற்கிற தொகுப்பில் பெண் டெக்னீஷியன் கேட்டதற்கு முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். இது வெறும் கூச்சம், பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. இசிஜிக்கு நெஞ்சில் ஆறு இடத்தில் ஒட்ட வேண்டும், அதில் பாதி மார்பகத்துக்கு அடியிலும் பக்கவாட்டிலும் வரும். கூச்சத்தில் ஜாக்கெட்டை முழுதாகக் கழற்றாமல், ஒட்ட வேண்டியதை ஒரு விரல் இரண்டு விரல் மேலே ஒட்டிவிட்டால் கோடு மாறிவிடும், இல்லாத நோய் தெரியலாம், இருக்கிற நோய் தெரியாமலும் போகலாம். 1816இல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவர் ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டாராம், அப்படித்தான் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்ததில் இருந்து உலகத்துக்கே ஒரு கருவி கிடைத்திருக்கிறது. ஒரு அறைக்குக் கதவும் ஒரு பெண் ஊழியரும் வைப்பது பெரிய காரியமா? வந்த பெண் டெக்னீஷியன், பேரு கூடக் கேட்கவில்லை நான், அம்மா மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, "இருங்கம்மா, ரெண்டே நிமிஷம், நான் மட்டும்தான் இருக்கேன்" என்று பேசிக்கொண்டே சரியாக எடுத்தார்.

டிரெட்மில்லுக்கு என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று முன்பதிவின்போது யாரும் சொல்லவில்லை. அம்மா சேலையில் வந்திருந்தார். பைஜாமா மாதிரி ஒன்று கொடுத்தார்கள், செருப்பு இல்லாமல் ஓடச் சொன்னார்கள். இந்த டெஸ்டில் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் சரிவும் கூடும். 220இல் இருந்து வயதைக் கழித்து அதில் 85 சதவீதம் வரை நாடித்துடிப்பு ஏற வேண்டும், அம்மாவுக்கு அது 135. ஐந்தாவது நிமிடத்தில் 122இல் முழங்கால் வலி தாங்காமல் இறங்கிவிட்டார், முடிவு சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். எனக்கு முழுதாக முடிந்தது, ஆனால் இசிஜி கோடு லேசாக இறங்கியிருக்கிறது என்று சொல்லி அங்கே நின்ற ஒருவர், "ஆஞ்சியோ பாக்கச் சொல்லுவாங்க மேடம்" என்று போட்டாரே ஒரு போடு, அதற்கு அப்புறம் டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் இரண்டு மணி நேரம் நான் நானாக இல்லை. தயவுசெய்து டெஸ்ட் எடுக்கிற இடத்தில் யாரும் பலன் சொல்லாதீர்கள். பிறகு டாக்டர் விளக்கினார்: பெண்களுக்கு டிரெட்மில்லில் அடைப்பே இல்லாமல் இப்படிக் கோடு மாறுவது ஆண்களை விட அதிகம், எக்கோ நன்றாக இருக்கிறது, எந்தத் தொந்தரவும் இல்லை, இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எடுக்கிற ஸ்ட்ரெஸ் எக்கோ ஒன்று மட்டும் பார்த்துவிடலாம் என்று. அடுத்த வாரம் அதுவும் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை.

அந்த டாக்டரைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுதவே உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். ரிப்போர்ட்டைப் புரட்டாமல் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பிள்ளைங்கம்மா? பிரசவத்தப்போ பிரஷர் ஏறிச்சா, கால் கை வீங்கிச்சா?" அம்மா என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். அப்புறம் சொன்னார். 1987இல் நான் பிறக்கும்போது எட்டாம் மாதத்திலேயே கால், முகம் எல்லாம் வீங்கி, கண் மங்கி, தலைவலி தாங்காமல் இரவோடு இரவாகச் சேர்த்து, பிரஷர் இறங்காததால் சீக்கிரமே பிரசவம் பார்த்தார்களாம். முப்பத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியாது. குறைமாதப் பிள்ளை என்று மட்டும் தெரியும், ஏன் என்று நானும் கேட்டதில்லை. டாக்டர் அதைக் கோப்பில் முதல் பக்கத்தில் எழுதினார். கர்ப்ப காலத்தில் அப்படிப் பிரஷர் ஏறின பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றார். பிள்ளை பிறந்து பிரஷர் இறங்கியதும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், ரத்தக்குழாய் மறப்பதில்லை, அன்றிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

அடுத்த கேள்வி, தீட்டு எப்போது நின்றது. அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பை எடுத்தாயிற்று. "சினைப்பையும் சேத்து எடுத்தாங்களா?" தெரியாது என்றார் அம்மா. (வீட்டுக்கு வந்து பீரோவின் அடித்தட்டில் ரேஷன் கார்டு, பத்திரங்களுக்கு நடுவில் 2002ஆம் வருடத்து டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்தோம். இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன. இருபத்திமூன்று வருடமாக அம்மாவுக்கே தெரியாமல்.) சினைப்பை போனால் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் சுரப்பு அன்றோடு விழுந்துவிடும், ஐம்பது வயதில் வர வேண்டிய மாற்றம் முப்பத்தெட்டில் வந்துவிடும், இதயமும் அந்தக் கணக்கில்தான் வயதாகும். நம் ஊரில் வெள்ளைப்படுதல், அதிக உதிரப்போக்கு என்று போய்ச் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரிடமாவது யாராவது இதைச் சொல்லியிருப்பார்களா?

"பீடி சிகரெட் இல்ல சரி, வெறகு அடுப்பு எத்தன வருஷம் ஊதுனீங்க?" என்றும் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது வருடம் இருக்கும். படிவத்தில் நான் 'இல்லை' என்று டிக் போட்ட இடம் அது. டாக்டர் பத்மாவதி என்று ஒருவர் இருந்தார், இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவர், பர்மாவில் பிறந்து, 1942இல் போரின்போது கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர், 2020இல் தன் 103ஆம் வயதில் காலமானார். டில்லியில் அவர் 1950களிலேயே நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிப் போன நோயாளிகளை ஆராய்ந்து, புகைபிடிக்காத பெண்களுக்கும் அது ஏன் வருகிறது என்று பார்த்து, வறட்டி, விறகு அடுப்புப் புகையைக் காட்டினார். எழுபது வருடம் ஆகிவிட்டது, படிவத்தில் இன்னும் அந்தக் கேள்வி வரவில்லை.

எனக்கும் அதே மாதிரி விசாரணை நடந்தது. 2016இல் மகள் வயிற்றில் இருக்கும்போது சர்க்கரை இருந்தது, பிரசவத்தோடு போய்விட்டது என்று சந்தோஷமாக விட்டுவிட்டேன். போகவில்லை, ஒளிந்திருக்கிறது, என் எச்பிஏ1சி 5.9. இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. சர்க்கரை வந்தால் இதயத்துக்கு வரும் கேடு ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல் என்று டாக்டர் சொன்னபோது, இனி வருடா வருடம் பார்த்துவிடுகிறேன் என்று அவரிடமே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இருபத்தைந்து நிமிடம் பேசினார். அதற்கு அப்புறம்தான் ரிப்போர்ட்டைத் திருப்பினார். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் 156/94. நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் 38, பெண்களுக்கு 50க்குக் குறையக் கூடாது. இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர், நம் ஊர்ப் பெண்களுக்கு 80க்கு மேலே போனாலே கவனிக்க வேண்டும். உடனே மாத்திரை எழுதாமல், ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் ஏறும், வீட்டில் ஒரு வாரம் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய, கையை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல், காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கையில் கட்டுகிற பட்டையும் அம்மாவின் கை அளவுக்கு இருக்க வேண்டும், சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடக் காட்டும், அதனால் கடையில் கட்டிப் பார்த்தே வாங்கினோம். வீட்டில் 135/85க்கு மேல் இருந்தால் அதிகம் என்று கணக்கு. அம்மாவின் ஒரு வார சராசரி 148/90. இப்போது மாத்திரை ஓடுகிறது.

மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காலைச் சாப்பாட்டுக் கூப்பனுக்குக் கிடைத்தது பூரி மசாலாவும் சீனி போட்ட காபியும், இட்லி தீர்ந்துவிட்டது என்றார்கள். பணம் கட்டுகிற இடத்தில், இதய ரத்தக்குழாயை ஸ்கேனில் பார்க்கிற சி.டி. ஆஞ்சியோவைச் சலுகையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்கள், டாக்டரிடம் கேட்டதற்கு இப்போது தேவையே இல்லை என்றார். டாக்டரைப் பார்க்காமல் மேற்கொண்டு எதற்கும் பணம் கட்ட வேண்டாம். இன்னொன்று, டாக்டர் சந்திப்பைப் 'பத்து நிமிடம்' என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது அந்த டாக்டரின் குணத்தால் கிடைத்தது, தொகுப்பால் இல்லை. வேறு டாக்டர் பார்த்த பக்கத்து இருக்கை அக்கா நாலே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார், கொலஸ்ட்ரால் அதிகம், எண்ணெயைக் குறைங்க, அவ்வளவுதான். அவருக்கும் 3,200தான்.

அதனால் மதிப்பெண் கேட்டால் டெஸ்ட் தரத்துக்கு நாலு, பெண்களை நடத்தும் விதத்துக்கு இரண்டு, எங்களுக்குக் கிடைத்த டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. 2019இல் உலகம் முழுக்க இறந்த பெண்களில் 35 சதவீதம் பேர் இதய, ரத்தநாள நோயால் இறந்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அக்டோபர் மாதம் என்று நமக்கெல்லாம் தெரிகிறது, தெரிய வேண்டியதுதான், ஆனால் அதைவிடப் பல மடங்கு பெண்களைக் கொண்டுபோகிற நோயை இன்னும் அப்பாக்களின் நோய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். பணம் இல்லாவிட்டால் இந்தத் தொகுப்பு அவசியமே இல்லை. பிரஷரும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். திருமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊருக்கும் ஒரு அக்கா வருகிறார், பக்கத்து வீடு வரை வந்தவரை அம்மா இத்தனை நாளும் "எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்று சொல்லி அனுப்பிவிட்டுக்கொண்டிருந்தார். இப்போது மாத்திரை அவரிடம்தான் வாங்குகிறோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். முன்பதிவு செய்யும்போதே பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று சொல்லி வையுங்கள். சுடிதார், நடக்கிற மாதிரி ஷூ. ஓட முடியாத அளவுக்கு முழங்கால் வலி இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், டிரெட்மில்லுக்குப் பதில் வேறு வழி இருக்கிறது. இசிஜி தாளைக் கேட்டு வாங்கி ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது அவசரத்தில் எடுக்கிற இசிஜியோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது ஒன்று இருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. பழைய பிரசவச் சீட்டு, ஆபரேஷன் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: கர்ப்பத்தில் பிரஷர் இருந்தது, சர்க்கரை இருந்தது, பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது, இத்தனை வயதில் தீட்டு நின்றது, அடுப்புப் புகையில் இத்தனை வருடம் நின்றேன். அம்மாவோடு போவதாக இருந்தால் முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து இதையெல்லாம் அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தடவை பெரியம்மாவின் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அவளுக்கு 41, இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் இருந்ததாம், நேற்று போனில் கேட்டபோதுதான் சொன்னாள்.